உலை வாயிலேயே பிடிக்க வேண்டிய புகை

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே இருக்கிறது புதுவாயல். பெரியபாளையம் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்தச் சுற்றுவட்டாரம், கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு மெல்ல மெல்ல இரும்பு உருக்கும் பூமியாக மாறியது. புதுகும்மிடிப்பூண்டி, சித்தராஜகண்டிகை, பாப்பன்குப்பம், சிறுபுழல்பேட்டை என ஊர்களை ஒட்டியே ஆலைகள் எழுந்தன. ரயில் பாதை, நெடுஞ்சாலை, தெற்கே எண்ணூர், சென்னைத் துறைமுகங்கள் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே இதற்குக் காரணம். கப்பலிலும் லாரியிலும் வந்திறங்கும் பழைய இரும்பு இங்கே உருகி, கம்பியாகி, சென்னையின் அடுக்குமாடிகளுக்குள் போய்ச் சேருகிறது. உள்ளூர்க்காரர்களோடு ஒடிசா, பீகார் என வெளி மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கும் சோறு போடுவது இந்த உலைகள்தான். ஆகவே இங்கே மாசைக் குறைப்பது என்பதற்கு ஆலைகளை மூடுவது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. உலை எரியட்டும், புகை மட்டும் ஊருக்குள் வரக் கூடாது என்பதே இங்குள்ள கேள்வி. அதற்கான வழிகள் உண்டு. அவை புதியனவும் அல்ல.

மாசு என்றதும் இந்தப் பகுதி மக்கள் முதலில் காட்டுவது மொட்டை மாடியை. காலையில் பெருக்கிய தளத்தில் மறுநாளைக்குள் கரித்தூள் படிந்துவிடும். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை உதறினால் கறுப்பு விழும். மூடாமல் விட்ட தண்ணீர்த் தொட்டியின் மேல் மெல்லிய படலம் மிதக்கும். இது பார்க்கவே சங்கடமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் இந்தத் தூள் பெரும்பாலும் பருமனானது. மூக்கும் தொண்டையும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். உயிருக்கு உலை வைப்பது கண்ணில் படாத நுண்தூசு. 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான குறுக்களவு கொண்ட துகள்களைப் 'பி.எம். 2.5' என்கிறார்கள். ஒரு தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் அது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் என்று உடல் வைத்திருக்கும் எல்லாக் காவலையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் அது உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து அதன் மிக நுண்ணிய பகுதி ரத்தத்திலும் கலக்கிறது.

அதனால்தான் காற்று மாசை வெறும் இருமல், ஆஸ்துமா விவகாரமாக நினைப்பது தவறு. வெளிக்காற்று மாசால் உலகில் நேரும் அகால மரணங்களில் பெரும்பங்கு இதய நோயாலும் பக்கவாதத்தாலும் நேர்பவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் குழாயின் உட்சுவரில் அழற்சி உண்டாகிறது, கொழுப்புப் படிவு வேகம் பிடிக்கிறது, ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. மாரடைப்பு வந்தவருக்குச் சர்க்கரை உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்கிறோம். எந்தத் தெருவில், எந்த ஆலைக்கு அருகில் குடியிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருட்களில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் அதே பிரிவு அது.

எவ்வளவு தூசு வரை தாங்கலாம்? இந்தியா 2009இல் வகுத்த தரத்தின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரச் சராசரி 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்டுச் சராசரி வெறும் 5, நாள் சராசரி 15. நம் தரத்துக்கும் அதற்கும் எட்டு மடங்கு இடைவெளி. 'அளவுக்குள் இருக்கிறது' என்று அதிகாரிகள் சொல்லும்போது எந்த அளவுக்குள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியத் தரத்துக்கு உட்பட்ட காற்றும் முழுக்கப் பாதுகாப்பானது அல்ல. இதற்குக் கீழே போனால் தீங்கே இல்லை என்று சொல்லத்தக்க எல்லை எதையும் ஆய்வாளர்கள் இதுவரை கண்டதில்லை.

2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 16.7 லட்சம் மரணங்கள் காற்று மாசோடு தொடர்புடையவை என்று லான்செட் இதழ்க் குழுமம் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அந்த ஆண்டின் மொத்த மரணங்களில் அது ஏறத்தாழ 18 சதவீதம். தமிழ்நாட்டிலேயே செய்த ஆய்வுகளும் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஊரகத்திலும் நகரிலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தாய் சுவாசித்த காற்றில் நுண்தூசு கூடக் கூட, பிறந்த குழந்தையின் எடை குறைந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதமும் உயர்ந்தது. சென்னையிலும் டெல்லியிலும் 12,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு, நுண்தூசுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை 2023இல் காட்டியது. கருவில் இருக்கும் சிசுவையும் விட்டுவைக்காத பிரச்சினை இது.

இரும்பாலை ஊர் ஒன்றில் புகை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கண்ட மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. அங்கிருந்த ஜெனிவா ஸ்டீல் ஆலை, தொழில் தகராறு காரணமாக 1986 ஆகஸ்டிலிருந்து 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஆர்டன் போப், ஆலை ஓடிய குளிர்காலங்களையும் ஓடாத குளிர்காலத்தையும் வைத்து உள்ளூர் மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை ஓடிய குளிர்காலங்களில் இரண்டு மூன்று மடங்காக இருந்தது. அதே ஊர், அதே குளிர், அதே குழந்தைகள். மாறியது ஆலைப் புகை ஒன்றுதான். 1989இல் வெளியான அந்தக் கட்டுரைக்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த கருவி எதுவும் அல்ல, ஒழுங்காக எழுதி வைத்த மருத்துவமனைப் பதிவேடு மட்டுமே.

உலையில் நடப்பது

புதுவாயல், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இரும்பு உருக்கப் பரவலாகப் பயன்படுவது இண்டக்‌ஷன் ஃபர்னஸ். செப்புக் குழாய்ச் சுருளில் மின்சாரம் பாய்ச்சி, அதன் நடுவே உள்ள பழைய இரும்பை ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி உருக்குவது இதன் வேலை. எரிபொருள் எதையும் எரிப்பதில்லை என்பதால் இது சுத்தமான உலை என்று ஒரு பேச்சு உண்டு. உலை சுத்தம்தான், அதற்குள் போடும் ஸ்கிராப் அப்படி அல்ல. பெயின்ட் அடித்த தகடு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இயந்திரப் பாகம், துத்தநாக முலாம் பூசிய கூரைத் தகடு, ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய வண்டி உதிரி என எல்லாம் கலந்தே வருகின்றன. காந்தம் தொங்கும் கிரேன் இவற்றை அள்ளி உலையில் போட்ட கணத்தில் எண்ணெயும் பெயின்ட்டும் தீப்பற்றிக் கரும்புகை எழும். துத்தநாகம் ஆவியாகி வெண்புகையாகும். கூடவே ஈயம் போன்ற உலோகங்களின் நுண்தூசும் மேலே ஏறும்.

ஒரு முறை உருக்கி ஊற்றும் சுற்றை 'ஹீட்' என்பார்கள். அது முழுவதும் புகை ஒரே சீராக வருவதில்லை. ஸ்கிராப் போடும்போதும் உருகிய இரும்பை ஊற்றும்போதும்தான் குபுகுபுவென்று கிளம்பும். அந்த நேரங்களில் உலை வாயிலேயே அதைப் பிடித்தாக வேண்டும். உலைக்குப் பக்கத்தில் அல்லது மேலே ஒரு உறிஞ்சு மூடி, அதிலிருந்து பெரிய குழாய், தீப்பொறியைத் தடுத்து நிறுத்தும் அறை, புகையின் சூட்டைத் தணிக்கும் அமைப்பு, அதன் பிறகு பேக் ஃபில்டர், கடைசியில் எல்லாவற்றையும் இழுக்கும் விசிறி, அதற்கப்பால் புகைபோக்கி. இதுதான் வரிசை. கிரேன் வந்து போக இடைஞ்சல் என்று அந்த மூடியை ஒதுக்கி வைத்துவிட்டால், எத்தனை உயரமான புகைபோக்கி கட்டினாலும் பயன் இல்லை. புகை கூரை இடுக்கு வழியாக வெளியேறும். ஷெட்டின் முகட்டிலிருந்து நேரே ஊருக்குள் இறங்கும் இந்தப் புகை, புகைபோக்கியில் வைத்த அளவுமானியின் கண்ணில் படவே படாது.

பேக் ஃபில்டர் என்பது வரிசையாகத் தொங்கும் நீண்ட துணிப் பைகள் நிறைந்த ஒரு பெரிய இரும்புப் பெட்டி. புகை பைகளுக்கு வெளியே இருந்து உள்ளே ஊடுருவிப் போகும், தூசு பையின் மேல் தங்கிவிடும். சில நொடிகளுக்கு ஒரு முறை அழுத்தக் காற்று பீறிட்டு பையை உதற, தூசு கீழே கூம்பில் விழும். ஒழுங்காகப் பராமரித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் தூசை இது பிடித்துவிடும். ஆனால் வழக்கமாகப் பயன்படும் பாலியஸ்டர் பை ஏறத்தாழ 130 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் தாங்காது. சூடு தணியாத புகை வந்தால் பை சுருங்கும், தீப்பொறி பட்டால் ஓட்டை விழும். சில பைகள் கிழிந்தாலே போதும், அந்த வழியாகப் புகை வடிகட்டப்படாமலே போய்விடும். பைகளை மாற்றச் செலவு உண்டு. விசிறி ஓட மின்சாரச் செலவும் கணிசமானது. ஒரு டன் கம்பிக்கு நான்கு காசு லாபம் பார்க்கும் போட்டியில் முதலில் நிறுத்தப்படுவது விசிறியாக இருக்கும் ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. விசிறி நின்றாலும் உற்பத்தி நிற்காது என்பதே இந்த அமைப்பின் பெரிய பலவீனம். உலைக்கும் விசிறிக்கும் மின் இணைப்பைப் பிணைத்து, விசிறி ஓடாவிட்டால் உலையும் ஓடாது என்று செய்துவிட முடியும். இது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல, ஓர் எலக்ட்ரீஷியன் செய்யும் வேலை. விசிறிக்குத் தனி மின் மீட்டர் வைத்து, அது எரித்த யூனிட்டை உலை எரித்த யூனிட்டோடு ஒப்பிட்டாலே இரவில் நடந்தது காலையில் தெரிந்துவிடும்.

அதோடு, ஸ்கிராப்பைத் தரம் பிரித்து எண்ணெயும் பிளாஸ்டிக்கும் நீக்கிப் போட்டால் பாதித் தொல்லை உலைக்கு வெளியிலேயே தீரும். ரோலிங் மில்களில் இரும்புக் கட்டியை மறுபடி சூடாக்க நிலக்கரித் தூளோ ஃபர்னஸ் ஆயிலோ எரிப்பது இன்னொரு புகை வாசல். உருகிய இரும்பை நேரே வார்த்து, சூடு ஆறும் முன்பே உருட்டிக் கம்பியாக்கும் ஆலைகளுக்கு அந்த மறுசூடே தேவைப்படுவதில்லை. எரிபொருள் செலவும் மிச்சம், புகையும் மிச்சம்.

இரவுப் புகை

இரவில்தான் புகை அதிகம் என்று சுற்றுவட்டார ஊர்களில் சொல்வதற்கு அடிப்படை உண்டு. உயர் மின்னழுத்த ஆலைகளுக்குத் தமிழ்நாட்டில் காலை, மாலை உச்ச நேரங்களில் கூடுதல் கட்டணமும் இரவில் சிறு தள்ளுபடியும் உண்டு. மின்சாரம் பெருஞ்செலவாக இருக்கும் உலைக்கு இரவு ஓட்டமே லாபம். அதே இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நின்றுவிட, கீழே விட்ட புகை மேலே ஏற முடியாமல் வீடுகளின் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் இது உச்சத்துக்குப் போகும். பகலில் சோதனைக்கு வரும் அதிகாரிக்கு வெயிலும் கடற்காற்றும் கலைத்துவிட்ட வானமே தெரியும்.

சராசரிக் கணக்கும் இரவை மறைக்கிறது. எடுத்துக்காட்டாக, இரவில் ஆறு மணி நேரம் நுண்தூசு 120 மைக்ரோகிராமாகவும் மீதி 18 மணி நேரம் 35 ஆகவும் இருந்தால், 24 மணி நேரச் சராசரி 56தான் வரும். நாட்டின் தரமான 60க்கு உள்ளே. காற்றுத் தரக் குறியீட்டில் அந்த நாள் 'திருப்தி' என்று பதிவாகும். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் உறங்கிய குழந்தையின் நுரையீரல் சராசரியைச் சுவாசிப்பதில்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கும்மிடிப்பூண்டி அந்தோணி பிள்ளை நகரில் தானியங்கிக் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் அளவுகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கின்றன. நாள் சராசரியைப் பார்ப்பதோடு நிற்காமல் மணிவாரி அளவைப் பார்க்க வேண்டும். ஒரே நிலையம் சிப்காட்டிலிருந்து புதுவாயல் வரையிலான பல கிலோமீட்டருக்குச் சாட்சி சொல்லவும் முடியாது. நெடுஞ்சாலையின் இருபுறமும் பள்ளிக்கூடங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் அருகே இன்னும் சில நிலையங்கள் தேவை.

ஈயம், தண்ணீர், மண்

புகையைப் போலக் கண்ணில் படாமல் வேலை செய்வது ஈயம். பழைய வாகன பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கி எடுப்பது நாட்டின் பல தொழிற்பகுதிகளில் நடக்கும் தொழில். உரிமம் பெற்ற ஆலையில், மூடிய அறையில், தூசு வடிகட்டியோடு செய்தால் அது பயனுள்ள மறுசுழற்சி. கொட்டகைக்குள் கோடாலியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, இரவில் உருக்கினால் அது சுற்றியுள்ள குழந்தைகளுக்கு விஷம். உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்குக் கிடையாது. கற்கும் திறன் குறையும், கவனம் சிதறும், ரத்தசோகை வரும். போன அறிவுத்திறன் மருந்தால் திரும்பாது. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருடைய ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் அந்த எண்ணிக்கை 27.5 கோடி.

பெட்ரோலில் ஈயம் கலப்பதை இந்தியா 2000ஆம் ஆண்டில் நிறுத்தியது. அது ஒரு பெரும் வெற்றி. மிச்சமிருப்பதில் பேட்டரி ஈயம் முக்கியமானது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்றுப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பை உற்பத்தியாளரின் தலையில் வைக்கின்றன. ஈய ஆலையில் வேலை செய்பவர் போட்ட உடையோடு வீட்டுக்கு வந்தால் தூசும் கூடவே வரும். ஆலையிலேயே குளித்து உடை மாற்றும் வசதி தொழிலாளியை மட்டுமன்றி, அவர் வீட்டில் தவழும் குழந்தையையும் காக்கிறது.

தண்ணீரின் கதையும் சென்னையோடு பின்னிக் கிடக்கிறது. ஆரணியாறு இந்தப் பகுதி வழியாகப் பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. பழவேற்காடு, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. அருகிலுள்ள பஞ்செட்டியில் சென்னைக் குடிநீருக்கான கிணற்றுத் தொகுதி இருக்கிறது. மேற்கே, கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஆதாரமாகத் திறக்கப்பட்டது. இந்த வட்டாரத்து மண்ணில் இறங்கும் நஞ்சு உள்ளூர்க் கிணற்றோடு நிற்கும் என்று சென்னைவாசிகள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மண்ணைக் கெடுத்த பிறகு திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை ராணிப்பேட்டை காட்டிவிட்டது. அங்கே 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப் போன இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு, ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. பேக் ஃபில்டர் கூம்பில் சேரும் தூசுக்கும் இது பொருந்தும். காற்றிலிருந்து பிடித்ததை மூட்டையாகக் கட்டி ஏரிக்கரையில் கொட்டினால் நோய் இடம் மாறுமே தவிர ஒழியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே அபாயக் கழிவுகளுக்கான பொது மேலாண்மை வளாகம் இருக்கிறது. அதற்குப் போய்ச் சேரும் கழிவின் எடையை, ஒவ்வோர் ஆலையும் உருக்கும் இரும்பின் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். பத்தாயிரம் டன் உருக்கிய ஆலை ஒரு மூட்டைத் தூசுகூட அனுப்பவில்லை என்றால், அந்தத் தூசு எங்கே போனது?

யார் அளப்பது?

சட்டங்களுக்குக் குறைவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது, காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் போபால் பேரழிவுக்குப் பின் 1986இல். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இலிருந்து இயங்குகிறது. கும்மிடிப்பூண்டிக்கென்றே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் உண்டு. வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஆலை தொடங்கவோ இயங்கவோ முடியாது. வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பு பிறந்ததே தமிழ்நாட்டு மண்ணின் வழக்கில்தான். 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், காற்று மாசுக் குற்றங்கள் பலவற்றுக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றியது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுப்பதைவிட உடனடி அபராதம் பலன் தரக்கூடும். ஆனால் அபராதம் விசிறி ஓட்டும் மின்கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் அது இன்னொரு செலவுக் கணக்காக முடிந்துவிடும்.

சட்டம் உயிர் பெறுவது அளவீட்டில்தான். இதில் குஜராத் தரும் பாடம் கூர்ந்து கவனிக்கத் தக்கது. அங்கே ஆலைகள் தங்கள் மாசைத் தணிக்கையாளரைக் கொண்டு அளந்து அறிக்கை தர வேண்டும். அப்போது தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் கூலி தந்ததும் ஆலைதான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் அவருடைய சக பொருளியலாளர்களும் 2009இலிருந்து இதைச் சோதித்தார்கள். தணிக்கையாளர் அறிக்கைகளின்படி புகைத் தூசு வரம்பை மீறிய ஆலைகள் வெறும் 7 சதவீதம். தனியாக மறுபடி அளந்து பார்த்தபோது மீறியவை 59 சதவீதம். பிறகு சில ஆலைகளுக்குத் தணிக்கையாளரைக் குலுக்கலில் ஒதுக்கி, கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, சில அளவுகளை மறுசோதனை செய்தார்கள். அறிக்கைகள் உண்மை பேசத் தொடங்கின. அதைவிட முக்கியமாக, அந்த ஆலைகளின் மாசும் குறைந்தது. புதுக் கருவி எதுவும் வரவில்லை. அளப்பவரைத் தேர்ந்தெடுப்பது, அவருக்குச் சம்பளம் தருவது, அவருடைய அளவைச் சரிபார்ப்பது யார் என்பவை மட்டும் மாறின.

அதே குஜராத்தின் சூரத்தில் 2019இல், புகைத் தூசுக்கு மொத்த வரம்பு விதித்து, குறைவாக வெளியிடும் ஆலை தன் பங்கை விற்கவும் அதிகம் வெளியிடும் ஆலை காசு கொடுத்து வாங்கவும் ஏற்பாடு செய்தார்கள். புகைபோக்கிகளில் தொடர் அளவுமானிகள் பொருத்தப்பட்டன. திட்டத்தில் சேர்ந்த ஆலைகளின் தூசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. நூற்றுக்கணக்கான ஆலைகள் நெருங்கி இருக்கும் கும்மிடிப்பூண்டி போன்ற தொகுதிக்கு இது பரீட்சித்துப் பார்க்க உகந்த வழி. தமிழ்நாட்டில் பெரிய ஆலைகளின் புகைபோக்கி அளவுகள் ஏற்கெனவே கிண்டியில் உள்ள வாரியத் தலைமையகத்துக்கு நேரடியாகப் போகின்றன. அந்த அளவுகள் கிண்டியோடு நிற்காமல் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் தமிழில் தெரிந்தால், கிராமசபையில் பேசுபவர் கையில் ஆதாரம் இருக்கும். கூரை வழியே போகும் புகைக்கு அளவுமானி கிடையாது என்பதால், உலைக் கூடத்தைப் பார்த்தபடி கேமரா வைப்பதும் அவசியம்.

இந்த வட்டாரத்தில் அறவே காணாமல் இருக்கும் கண்ணி சுகாதாரத் துறை. மாசை ஒரு துறை அளக்கிறது, நோயை இன்னொரு துறை பார்க்கிறது, இரண்டு பதிவேடுகளும் ஒரே மேசைக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறது. 2024இல் வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' ஆலைக்கே போகிறது. ஆள்பலமும் வழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. தொழிற்பகுதி ஊர்களில் அதோடு ஒரு மூச்சுத் திறன் சோதனையையும், ஈய வேலை நடக்கும் இடங்களில் குழந்தைகளுக்கு ரத்த ஈயப் பரிசோதனையையும் சேர்த்தால் போதும். யூட்டாவில் போப் செய்ததை இங்கே எந்த ஆரம்ப சுகாதார நிலையமும் செய்யலாம். இருமலோடும் இழுப்போடும் வந்தவர்களின் எண்ணிக்கையை வாரவாரியாக எழுதி, அதே வாரத்தின் காற்று அளவோடு பொருத்திப் பார்த்தால் பாதி உண்மை விளங்கிவிடும்.

உலை மேடையில் நிற்கும் தொழிலாளியே இந்த மாசின் முதல் பலி. ஊருக்கு வரும் புகை நீர்த்த புகை, அவர் சுவாசிப்பது மூலப் புகை. ஈய நஞ்சேற்றமும் சிலிக்கா தூசு நோயும், மருத்துவர் கண்டறிந்தால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவை என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் வந்த ஒடிசாக்காரர் இருமல் முற்றியதும் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டால், அவர் நோய் இந்த மாவட்டத்தின் எந்தக் கணக்கிலும் ஏறாது. தலையில் கட்டிய துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது நுண்தூசைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதையும் கடைசி அரணாகத்தான் கொள்ள வேண்டும். உலை வாயில் புகையைப் பிடிப்பதற்கு அது மாற்று அல்ல.

புகார் கொடுக்க நினைக்கும் ஊர்மக்கள் 'எப்போதும் புகை' என்று எழுதுவதைவிட, தேதி, மணி, காற்று வீசிய திசை, புகையின் நிறம், அது கூரையிலிருந்து வந்ததா புகைபோக்கியிலிருந்து வந்ததா என்று குறித்து, படத்தோடு அனுப்பினால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுத்திலும், வாரியத்தின் இணையதளத்திலும், முதல்வரின் உதவி மைய எண் 1100இலும் முறையிடலாம். கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் நகலையும் அதிலுள்ள நிபந்தனைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். புகார் வந்த ஊருக்கு அதிகாரிகள் இரவு 11 மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். விசிறி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த நேரமே சரியான நேரம்.